ஒல்லியான உடம்புக்கும் சர்க்கரை வரும்: டாக்டர் யாஜ்னிக்கின் ஆராய்ச்சி என் ரிப்போர்ட்டை விளக்கிய கதை

எனக்குச் சர்க்கரை என்றால் யாரும் நம்புவதில்லை. உயரத்துக்கு ஏற்ற எடை, பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் அளவு) 22, சட்டை போட்டால் தொப்பையும் தெரியாது. ஆபீஸில் எடுத்த முழு உடல் பரிசோதனையில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி 7.4, ரத்தத்தில் இருக்கும் ஒரு வகைக் கொழுப்பான டிரைகிளிசரைடு 310, நல்ல கொழுப்பு என்று சொல்கிற ஹெச்டிஎல் 31 என்று எல்லாமே மோசமாக வந்தது. முதலில் பார்த்த டாக்டர், லேபில் மாத்திப் போட்டிருப்பாங்க, இந்த உடம்புக்கு ஒண்ணும் வராது என்று அனுப்பிவிட்டார். மாதக்கணக்கில் அப்படியே போனது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது.

அப்புறம் போனது மருத்துவக் கல்லூரியில் பாடம் நடத்துகிற ஒரு ஹார்மோன் டாக்டரிடம். ரிப்போர்ட்டைப் புரட்டும் முன்பே இஞ்ச் டேப்பை எடுத்து இடுப்பை அளந்தார். 92 சென்டிமீட்டர். நம்ம ஊர் ஆம்பளைங்களுக்கு 90 தாண்டினாலே யோசிக்கணும் என்றார். பிறகு, கூட வந்திருந்த என் அம்மாவிடம் திரும்பி, "பிறந்தப்ப பையன் எவ்வளவு எடைம்மா?" என்றார். "ரெண்டு கிலோகூட இல்ல சார், பிழைப்பானான்னே பயந்தோம்" என்றார் அம்மா. டாக்டர் தலையை ஆட்டிக்கொண்டே கம்ப்யூட்டரில் ஒரு படத்தைத் திறந்து காட்டினார். சித்தரஞ்சன் யாஜ்னிக் என்ற பெயரை அன்றுதான் முதல்முறையாகக் கேட்டேன்.

2004-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஒரு சின்னக் குறிப்பு அது. புனே டாக்டர் யாஜ்னிக்கும் லண்டன் டாக்டர் ஜான் யட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். இரண்டு பேருக்கும் பிஎம்ஐ 22.3. உடம்பில் இருக்கிற கொழுப்பு மட்டும் யட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. யட்கின் மாரத்தான் ஓடுபவர், அதுவும் ஒரு காரணம்தான். ஆனால் யாஜ்னிக் எடை குறைந்து பிறந்தவர் என்பதையும் அதிலேயே எழுதியிருக்கிறார்கள். ஊரறியத் தன் உடம்பையே அளவுக்குக் கொடுத்த அந்த மனசை நான் பெரிதாக மதிக்கிறேன்.

டாக்டர் எனக்கு விளக்கியது இதுதான்: தோலுக்கு அடியில் கொழுப்பைச் சேர்த்து வைக்கிற இடம் நம்மில் பலருக்குச் சீக்கிரம் நிறைந்துவிடுகிறது, மிச்சம் வயிற்றுக்குள்ளும் ஈரலிலும் தசையிலும் போய்ச் சேர்கிறது, ஈரல் அதை டிரைகிளிசரைடாக ரத்தத்தில் தள்ளுகிறது, தசையில் இன்சுலின் சரியாக எடுபடுவதில்லை. சர்க்கரையும் கொழுப்பும் எனக்கு ஏன் ஒன்றாகக் கெட்டன என்பது அப்போதுதான் விளங்கியது.

வீட்டுக்கு வந்து யாஜ்னிக்கைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். புனேயில் படித்தவர், ஆக்ஸ்போர்டில் ஆராய்ச்சிப் பயிற்சி, அப்புறம் திரும்பி வந்து புனே கேஇஎம் மருத்துவமனையிலேயே தங்கிவிட்டார். தன்னிடம் வருகிற சர்க்கரை நோயாளிகள் மேல்நாட்டுப் பாடப் புத்தகத்தில் இருப்பவர்களைவிட இளையவர்களாகவும் ஒல்லியாகவும் இருப்பதைப் பார்த்துத்தான் அவருக்குக் கேள்வி பிறந்திருக்கிறது. 1993-ல் புனேக்குப் பக்கத்தில் ஆறு கிராமங்களில் 2,000-க்கும் மேற்பட்ட பெண்களை, கருத்தரிப்பதற்கு முன்பிருந்தே, அவர் குழு பின்தொடரத் தொடங்கியது. பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் 3.5 கிலோ. புனே குழந்தைகளுக்குத் தசை குறைவு, வயிறும் சின்னது, ஆனால் தோலுக்கடியில் இருக்கிற கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. அதாவது என் கதை வேலைக்குச் சேர்ந்து பரோட்டா தின்றதில் தொடங்கவில்லை, அம்மா வயிற்றிலேயே தொடங்கியிருக்கலாம். இதற்காக அந்தக் குழந்தைகள் வளர்ந்து ஆளாகும்வரை காத்திருந்து திரும்பத் திரும்ப அளந்திருக்கிறார்கள், அந்தப் பொறுமை யாருக்கு வரும்!

இன்னொன்று, கர்ப்பமாக இருப்பவர்கள் வீட்டில் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டியது. புனே ஆய்வில் இருந்த தாய்மார்களில் பாதிக்கு மேல் வைட்டமின் பி12 குறைவு. பி12 குறைவாகவும் ஃபோலேட் (ஃபோலிக் ஆசிட் மாத்திரையில் கிடைக்கும் வைட்டமின்) அதிகமாகவும் இருந்த தாய்மார்களின் பிள்ளைகளுக்குத்தான் ஆறு வயதில் இன்சுலின் எதிர்ப்பு, அதாவது இன்சுலின் சரியாக எடுபடாத நிலை, அதிகம் என்று 2008-ல் வெளியிட்டார்கள். இதைப் படித்துவிட்டு யாரும் ஃபோலிக் ஆசிட்டை நிறுத்திவிடாதீர்கள், குழந்தையின் மூளைக்கும் தண்டுவடத்துக்கும் அது வேண்டும். பி12-ஐயும் சேர்த்துக் கவனிக்கணும், அவ்வளவுதான். பி12 கிடைக்கிற முட்டையைக்கூட என் தங்கை தொடமாட்டாள். அவள் உண்டாகியிருந்தபோது நான் கேட்கச் சொல்லித்தான் பி12 டெஸ்ட் எடுத்தார்கள், குறைவாகவே இருந்தது, மாத்திரை சேர்த்தார்கள்.

எனக்கு இப்போது மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை, முன்பு சாப்பிட்டதில் பாதிச் சோறு, தசை ஏறுவதற்காக எடை தூக்கும் பயிற்சி. எடை அதிகம் மாறவில்லை, இடுப்பு குறைந்திருக்கிறது, டிரைகிளிசரைடு 160-க்கு வந்துவிட்டது.

உங்கள் வீட்டில் ஒல்லியாக இருந்தும் சர்க்கரை வந்தவர்கள் இருந்தால், பிறந்தபோது அவர்கள் எடை என்ன என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்களேன். எந்த டாக்டராவது உங்களிடம் அதைக் கேட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள்.