மந்திரிக்கு என்ன நடத்தை விதி? ஆபீஸில் பணம் கேட்டால் யாரிடம் போவது?

மேட்டுக்காட்டு விவசாயி, கொழிஞ்சாம்பாறை:

வணக்கம். கேரளத்தில் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவில் தென்னையும் கொஞ்சம் நிலக்கடலையும் வைத்திருக்கிறேன். வங்கிக் கடனுக்கு பொசெஷன் சர்ட்டிபிகேட், அதாவது நிலம் என் கைவசம் இருக்கிறது என்ற சான்று வேண்டும். ஆதாரம் (நிலப் பத்திரம்), கரம் (நில வரி) கட்டிய ரசீது எல்லாம் சரியாக இருக்கின்றன. ஆனால் ஆபீஸில் ஒருவர், "ஸ்தலம் பார்க்க வரணும், 2,000 செலவாகும்" என்று மெதுவாகச் சொன்னார். வீட்டில் சொன்னால் பெரியப்பா, "மந்திரியே சொந்தக்காரனுக்கு வேலை போட்டுக் கொடுக்கறாரு. இவன் கேக்கறதுதான் பெருசா? குடுத்துட்டு வேலையைப் பாரு" என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. மந்திரிகளுக்கு நடத்தை விதி என்று ஒன்று இருக்கிறதா? மீறினால் யார் கேட்பது? இன்னொன்று, எனக்கு மலையாளம் பேச வரும், எழுத வராது. புகாரைத் தமிழில் கொடுக்கலாமா?

ஓய்வு பெற்ற ஹெட் கிளார்க், சித்தூர்:

தம்பி, பணம் கொடுக்காதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

மந்திரிகளுக்கு விதி உண்டு. மத்திய உள்துறை வெளியிட்ட நடத்தை நெறி மாநில மந்திரிகளுக்கும் பொருந்தும். பதவிக்கு வரும்போது தன் சொத்து, குடும்பத்தார் சொத்து, கடன், தொழில் எல்லாவற்றையும் முதலமைச்சரிடம் தெரிவிக்க வேண்டும். அப்புறம் வருடா வருடம் கணக்குக் கொடுக்க வேண்டும். தொழில் நிர்வாகத்திலிருந்து விலக வேண்டும். விலையுயர்ந்த பரிசு வாங்கக் கூடாது. ஆனால் அது சட்டம் அல்ல. மீறினால் இன்ன தண்டனை என்று அதில் ஒரு வரிகூடக் கிடையாது, கவனித்துக்கொள்ள வேண்டியவர் முதலமைச்சர். எங்களைப் போன்றவர்களுக்கோ 1960-ஆம் ஆண்டின் அரசு ஊழியர் நடத்தை விதிகள். அதை மீறினால் மெமோ, விசாரணை, சஸ்பென்ஷன் வரை போகும்.

பெரியப்பா சொல்லும் சங்கதியையே எடுத்துக்கொள்வோம். கே.டி. ஜலீல் மந்திரியாக இருந்தபோது, உறவினர் ஒருவரை சிறுபான்மையினர் வளர்ச்சி நிதிக் கழகத்தில் ஜெனரல் மேனேஜராக நியமித்தது பற்றி, மந்திரிகள், அதிகாரிகள் மீதான ஊழல் புகார்களை விசாரிக்கும் லோக் ஆயுக்தாவுக்குப் புகார் போனது. பதவியைத் தவறாகப் பயன்படுத்தினார், மந்திரியாகத் தொடரக் கூடாது என்று 2021 ஏப்ரல் 9-ஆம் தேதி தீர்ப்பு வந்தது. 13-ஆம் தேதி ராஜினாமா செய்தார். இடமலையாறு நீர்மின் திட்ட ஊழல் வழக்கில் ஆர். பாலகிருஷ்ண பிள்ளைக்கு 2011-இல் உச்ச நீதிமன்றம் ஓராண்டு கடுங்காவல் கொடுத்தது. அவர் மின்சார மந்திரியாக இருந்த காலத்து விவகாரம் அது; கால் நூற்றாண்டு இழுத்தது, ஆனாலும் சிறைக்குப் போனார். ஆக, மந்திரியை யாரும் கேட்பதில்லை என்று பெரியப்பா சொல்வது சரியல்ல. யாரோ ஒருவர் உட்கார்ந்து மனு எழுதியதால்தான் கேட்டார்கள்.

எனக்கு ஆறாத விஷயம் அதற்கு அப்புறம் நடந்தது. 2022 ஆகஸ்டில் லோக் ஆயுக்தா சட்டத்தைத் திருத்தினார்கள், 2024-இல் குடியரசுத் தலைவர் ஒப்புதலும் கிடைத்துவிட்டது. இப்போது மந்திரி விலக வேண்டும் என்று லோக் ஆயுக்தா சொன்னாலும் முதலமைச்சர் ஏற்கலாம், தள்ளலாம். முதலமைச்சர் மீதே தீர்ப்பு வந்தால் சட்டசபை முடிவு செய்யும், அங்கே பெரும்பான்மை அவருடையதுதானே. எந்தக் கட்சி ஆண்டாலும் இது தவறு என்பேன். நீதிபதியாக இருந்தவர் சாட்சி, பைல் எல்லாம் பார்த்துச் சொன்னதை, குற்றம் சாட்டப்பட்டவரை மந்திரியாக்கியவரே தள்ளிவிடலாம் என்றால் அந்த அமைப்பு எதற்கு?

உங்கள் விஷயத்துக்கு விஜிலன்ஸ், அதாவது லஞ்ச ஒழிப்புத் துறை. 1064-க்குக் கூப்பிடுங்கள். 2018-இல் ஊழல் தடுப்புச் சட்டத்தில் 17ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். அதிகாரி பதவியில் எடுத்த முடிவை விசாரிக்க முன் அனுமதி வேண்டும் என்கிறது. பணம் வாங்கும்போது கையும் களவுமாகப் பிடிப்பதற்கு அந்த அனுமதி தேவையில்லை. எங்கள் ஆபீஸிலேயே அப்படி ஒருவர் பிடிபட்டார். பினாப்தலீன் தூள் தடவிய நோட்டுகளை எண்ணி டிராயரில் வைத்தார். உடனே வெளியே நின்றவர்கள் உள்ளே வந்து, கண்ணாடி டம்ளரில் சோடியம் கார்பனேட் கரைத்து, விரல்களை முக்கச் சொன்னார்கள். வெறும் தண்ணீராகத் தெரிந்தது, விரலில் ஒட்டியிருந்த தூள் பட்டதும் சட்டென்று ரோஸ் நிறமானது. அதைப் பாட்டிலில் ஊற்றி, அரக்கு வைத்து, லேபிளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள். ஒன்று கவனம்: விஜிலன்ஸுக்குத் தெரிவிக்காமல் நீங்களாகக் கொடுத்தால் கொடுத்தவரும் குற்றவாளி. வற்புறுத்தலால் கொடுக்க நேர்ந்தால் 7 நாளுக்குள் புகார் செய்ய வேண்டும்.

தேவிகுளம் டீச்சர்:

தமிழில் தாராளமாக எழுதுங்கள். 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் நமக்கு அந்த உரிமையைக் கொடுத்திருக்கிறது. தலைமைச் செயலகத்துக்கும், துறைத் தலைவர்களுக்கும், மொழிச் சிறுபான்மைப் பகுதி என்று அறிவித்த இடங்களில் உள்ள அரசு அலுவலகங்களுக்கும் தமிழில் எழுதலாம். பதிலும் தமிழில் வர வேண்டும். "மலையாளத்தில் எழுதிக்கொண்டு வாங்க" என்று என்னையும் ஒரு கவுண்டரில் திருப்பி அனுப்பப் பார்த்தார்கள். சட்டத்தின் பெயரைச் சொல்லி, ரசீது தரும்வரை அங்கேயே நின்றேன். தமிழிலேயே பதில் வந்தது.

சார், கீழே இருப்பவர்களுக்கு விதி கடுமையாக இருக்கிறது என்றீர்கள். பிடித்தால்தான் கடுமை. 2024 நவம்பரில் நிதித் துறையே கண்டுபிடித்துச் சொன்னது: 1,458 அரசு ஊழியர்கள் ஏழைகளுக்கான சமூகநலப் பென்ஷனை வாங்கிக்கொண்டிருந்தார்கள். கெசட்டட் அதிகாரிகளும் அதில் இருந்தார்கள். அப்போது மாதம் 1,600 ரூபாய். இங்கே எஸ்டேட் தொழிலாளர்களின் லயத்தில் (வரிசை வீடுகளில்) விதவைப் பென்ஷனுக்கு வருமானச் சான்று, ஆதார் என்று மலை இறங்கி ஏறும் அம்மாக்களை நான் பார்க்கிறேன். 18 சதவீத வட்டியோடு திரும்ப வசூலிக்கச் சொன்னார்கள். பணம் திரும்பி வந்தால் மட்டும் போதுமா?

மேட்டுக்காட்டு விவசாயி, கொழிஞ்சாம்பாறை:

நன்றி சார், டீச்சர். விஜிலன்ஸுக்குப் போனால் அப்புறம் என் சர்ட்டிபிகேட்டையே போட மாட்டார்களோ என்றுதான் பயம். பேங்க் மேனேஜர் மாதக் கடைசி வரைதான் நேரம் கொடுத்திருக்கிறார்.

ஓய்வு பெற்ற ஹெட் கிளார்க், சித்தூர்:

அதற்குத் தனி வழி இருக்கிறது. 2012-ஆம் ஆண்டின் சேவை உரிமைச் சட்டப்படி ஒவ்வொரு சான்றுக்கும் கெடு உண்டு, அந்தப் பட்டியலை ஆபீஸில் எழுதி வைத்திருக்க வேண்டும். கெடு தாண்டினால் மேலதிகாரிக்கு அப்பீல் போடுங்கள். தாமதம் செய்தவருக்கு 500 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம் போடலாம். விண்ணப்பம் கொடுத்த ரசீதில் தேதி இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். அப்பீலையும் விஜிலன்ஸ் புகாரையும் ஒரே காகிதத்தில் எழுத வேண்டாம். வரைவை இங்கே போடுங்கள், நான் பார்த்துத் திருத்தித் தருகிறேன்.