கட்சிகள் நகரும் மாதிரி: விலகல் எல்லையை எப்படித் தீர்மானிப்பது?

அனைவருக்கும் வணக்கம். மூணாறில் இருந்து எழுதுகிறேன். வாக்காளர்களைக் கவரக் கட்சிகள் தம் நிலைப்பாட்டை மாற்றிக்கொள்ளும் விதத்தைப் பைத்தான் நிரல்மொழியில் ஒரு கணினி மாதிரியாக எழுதி வருகிறேன். கொள்கை நிலைப்பாடுகளைக் குறிக்கும் 0 முதல் 100 வரையான கோட்டில் வாக்காளர்களைச் சீராகப் பரப்பி இரண்டு கட்சிகளை நகரவிட்டால், பொருளியலாளர்களான ஹோட்டலிங் 1929இல் கடைகளை வைத்துச் சொன்னதையும் டவுன்ஸ் 1957இல் தேர்தலுக்குப் பொருத்தியதையும் போலவே இரண்டும் 50இல் வந்து நின்றுவிடுகின்றன.

ஆனால் 2015இல் இங்கே தேயிலைத் தோட்டப் பெண்கள் தொழிற்சங்கங்களையே ஒதுக்கிவைத்துப் போராடியதைப் பார்த்த எனக்கு, தனக்கு வெகுதொலைவில் நிற்கும் யாரையும் ஏற்காமல் விலகிவிடும் வாக்காளரை விட்டுவிட மனம் வரவில்லை. ஆகவே, அருகிலுள்ள கட்சியும் குறிப்பிட்ட தூரத்துக்கு அப்பால் இருந்தால் அவர் வாக்களிக்க மாட்டார் என்று விதி சேர்த்தேன். அந்தத் தூரம் (விலகல் எல்லை) 30 என்றால் கட்சிகள் 30இலும் 70இலும், 40 என்றால் 40இலும் 60இலும் நிலைகொள்கின்றன; அதாவது, நான் கொடுத்த எண்ணே விடையாகத் திரும்பி வருகிறது.

மூணாறு அடங்கிய தேவிகுளம் சட்டமன்றத் தொகுதியின் படிவம் 20இல் (வாக்குச்சாவடி வாரியான தேர்தல் முடிவுத் தாள்) உள்ள விவரங்களிலிருந்து இந்த எல்லையை மதிப்பிட வழி உண்டா? அல்லது தூரம் கூடக்கூட வாக்களிக்கும் வாய்ப்பு படிப்படியாகக் குறைவதாக அமைப்பதுதான் சரியா? இதில் அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் மிகவும் கடமைப்பட்டிருப்பேன்.