புதுப்பிப்பு: பைபாஸுக்குப் பின் அப்பாவுக்கு ஏற்பட்ட மனக்குழப்பம்

இதய பைபாஸ் அறுவை முடிந்த இரண்டாம் இரவில், தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த அப்பா எங்களை அடையாளம் காணாமல், சுவரில் எறும்பு ஊர்வதாகச் சொல்லிக் குழாய்களைப் பிடுங்க முயன்றதைப் பற்றி, பக்கவாதமோ என்ற அச்சத்தோடு முன்பு எழுதியிருந்தேன். பக்கவாதம் இல்லை. கைகால் வலுவையும் பேச்சையும் சோதித்து, தலையை ஸ்கேன் செய்து பார்த்த மருத்துவர்கள், இது ‘டெலிரியம்’ எனப்படும் தற்காலிக மனக்குழப்பம் என்றும், இதய அறுவைக்குப் பின் முதியவர்களிடம் அடிக்கடி காணப்படுவது என்றும் விளக்கினார்கள். மயக்க மருந்து, வலி, தூக்கமின்மை, இரவு பகல் தெரியாத விளக்கொளி, ஓயாத அலாரம் எல்லாம் ஒன்றுசேர்ந்தால் மூளை தடுமாறத்தானே செய்யும்?

மருந்தைவிட எளிய காரியங்களே கைகொடுத்தன என்பது என் கணிப்பு. மூக்குக்கண்ணாடியையும் காதுக்கருவியையும் திரும்ப அணிவித்தோம் (அவை பையிலேயே கிடந்தது எங்கள் தவறு). பார்க்கும்போதெல்லாம் நாளையும் நேரத்தையும் சொன்னோம். பகலில் செவிலியர்கள் அவரை நாற்காலியில் உட்காரவைத்தார்கள். நான்காம் நாள் தெளிந்துவிட்டார்.

இடையில் மூன்றாம் நாள் இதயத்துடிப்பு ஒழுங்கு தவறியது. பைபாஸுக்குப் பின் பலருக்கும் நேர்வதுதான் என்றார்கள், துடிப்பை ஒழுங்குபடுத்தும் அமியோடரோன் என்ற மருந்தைக் கொடுத்தபின் சீரானது. மார்புக் குழாய்கள் எடுக்கப்பட்டு, நேற்று வார்டுக்கு மாற்றப்பட்டார். அறுவைக்காகப் பிளந்த மார்பெலும்பு கூடுவதற்கு 6 முதல் 8 வாரங்கள் ஆகும் என்பதால், இருமும்போது தலையணையை மார்போடு அணைத்துக்கொள்கிறார். எறும்புகளைப் பற்றி அவருக்கு எதுவும் நினைவில்லை.