விக்கெட்டுக்கு தமிழ்ல என்ன போடறது? திங்கக்கிழமைக்குள்ள வேணுமுங்க

கொழிஞ்சாம்பாறை டீச்சர்:
எல்லாருக்கும் வணக்கமுங்க. எங்க ஸ்கூல் தமிழ் மீடியம், பி.டி. சார் மலையாளத்துக்காரர், கிரிக்கெட் விதியை ஒரு பக்கத்துக்கு தமிழ்ல எழுதிக் குடுங்க டீச்சர், ஏழாம் கிளாஸ் சுவத்துல ஒட்டணும்ங்கறார். மட்டை, பந்து, ஓட்டம்னு ஜோரா போயிட்டு விக்கெட்ல நின்னுட்டேன். நட்டு வெச்ச மூணு குச்சியும் மேல வெக்கற ரெண்டு சின்னக் கட்டை, பெயிலும் சேந்தா விக்கெட்டு, ஒருத்தன் அவுட்டானா அதுவும் விக்கெட்டு, போதாததுக்கு நடுவுல இருக்கற 22 கஜம் தரையையும் விக்கெட்டுங்கறாங்க. மூணுக்கும் ஒரே சொல் ஆகுமாங்க?

கோபாலபுரம் புலவர்:
ஆகும் அம்மிணி. விக்கெட்டுன்னா சின்னக் கதவு. ஆதியில ரெண்டே குச்சி, மேல ஒரே கட்டை. 1775ல இங்கிலாந்துல லம்பி ஸ்டீவன்ஸ்ங்கற பந்துவீச்சாளர் போட்ட பந்து, மட்டை பிடிச்ச ஜான் ஸ்மாலோட ரெண்டு குச்சிக்கு நடுவால திரும்பத் திரும்பப் பூந்து போயும் கட்டை விழாததால ஆள் தப்பிச்சுட்டார், அதுக்கப்புறம்தான் மூணாவது குச்சியே வந்துச்சு. கோயில் பெரிய கதவுக்குள்ள குனிஞ்சு போற குட்டி வாசல் இருக்குதே, திட்டிவாசல், அதைப் போடுங்க.

செங்கோட்டை அண்ணாச்சி:
ஐயா, திட்டின்னா திருஷ்டில்லா? தனித்தமிழ்னு எங்களை விரட்டுத நீங்களே வடமொழிய கூட்டியாறீயளே. பேசாம 'இலக்கு'ன்னு போடச் சொல்லுங்க, இணையத்துல நெறைய பேரு அப்படித்தான் எழுதுதாங்க.

நகரி தறிக்காரர்:
180 ரன் இலக்கைத் துரத்தும்போது 4 இலக்கு போச்சுன்னு எழுதுவீங்களா அண்ணாச்சி?

கோபாலபுரம் புலவர்:
இலக்கும் வேண்டாம், திட்டியும் வேண்டாம், புழை! கோட்டைச் சுவர்ல இருக்கற சிறுவாசலுக்கு பழம்பேர், புழைக்கடைன்னு இன்னும் உசுரோட இருக்குது. 'ஐந்து புழை வீழ்த்தினார்', சொல்லிப் பாருங்க, என்ன கம்பீரம்!

கொழிஞ்சாம்பாறை டீச்சர்:
ஐயா, எங்க ஊர்ல புழைன்னா ஆறுங்க. அஞ்சு புழைன்னு எழுதுனா சித்தூர்ப்புழையா பாரதப்புழையான்னு பசங்க எந்திரிச்சு கேப்பாங்க.

மூணாறு எஸ்டேட்டிலிருந்து:
நடுவுல ஒண்ணு, மட்டைவீரன்னு மட்டும் எழுதிராதீங்க டீச்சர், பொண்ணுங்களும் அதைத்தான் படிப்பாங்க. கிரிக்கெட் விதியை எழுதற லண்டன் கிளப்பு எம்சிசியே 2021ல விதியில பேட்ஸ்மேனைத் தூக்கிட்டு பேட்டர்னு மாத்திட்டாங்க. மட்டையாளர்னா யாருக்கும் பொருந்தும்.

நகரி தறிக்காரர்:
மட்டையாளர்னா எங்க தெருவுல சாயங்காலம் கடை வாசல்ல விழுந்து கிடக்கறவர். அட, பசங்களைக் கேளுங்கப்பா. இங்க பாதி தெலுங்கு பாதி தமிழ், ஆனாலும் டொக்கு வெச்சான், மாங்கா சுத்துனான், குச்சி தெறிச்சிடுச்சுன்னு சொன்னா எவனுக்கும் சந்தேகம் வராது. அகராதி எதுக்கு?

கோபாலபுரம் புலவர்:
டொக்கை சுவத்துல ஒட்டுவீங்களா? அப்புறம் ஓவருக்கு 'அறுபந்து'ன்னு போடுங்க அம்மிணி.

செங்கோட்டை அண்ணாச்சி:
ஆஸ்திரேலியாவுல 1979 வரைக்கும் ஓவருக்கு எட்டுப் பந்துல்லா போட்டாங்க, அதுக்கு மட்டும் எண்பந்துன்னு தனியா ஒண்ணு வைப்பீயளோ? ஓவர்னு சொன்னதும் அடுத்த முனையிலேருந்துல்லா பந்து வருது, 'முனைமாற்று'ன்னு வையுங்க.

மூணாறு எஸ்டேட்டிலிருந்து:
கரண்ட் கம்பெனி சாமான் மாதிரி இருக்கு.

கொழிஞ்சாம்பாறை டீச்சர்:
நாளைக்கு திங்கக்கிழமைங்க, இதோட எழுதிட்டேன். நட்டு வெச்சதுக்கு 'குச்சி', ஆள் போனா 'ஆட்டமிழப்பு', தரைக்கு 'ஆடுகளம்'. மட்டையாளர் இருக்கட்டும், நகரி அண்ணன் சிரிச்சாலும் பரவால்ல. ஓவரு ஓவராவே கெடக்குது. விக்கெட் கீப்பரைத்தான் 'குச்சிக்காப்பாளர்'னு போடறதா வேண்டாமான்னு யோசிக்கறேன்.

நகரி தறிக்காரர்:
கீப்பர்னே விடுங்க. மத்ததுக்கு சரி.

செங்கோட்டை அண்ணாச்சி:
எனக்கும் சரிதான், வேற வழி?

கோபாலபுரம் புலவர்:
எனக்குச் சரியில்லை. குச்சிக்காப்பாளர்னா விறகுக்கடை வாட்ச்மேன். ஆட்டமிழப்புன்னா ஆட்டமே தோத்தது மாதிரி இருக்குது. அந்தப் பக்கத்துல ஓரமா சின்ன எழுத்துலயாவது புழைன்னு ஒரு வரி போடுங்க அம்மிணி. ஆறுன்னு நினைக்கறவன் நினைச்சுட்டுப் போறான். குச்சிக்குப் போற பந்தை கால்ல தடுத்து அவுட்டாகறாங்களே, அந்த எல்பிடபிள்யூவுக்கு நாளைக்கு எழுதறேன், தொல்காப்பியத்தை எடுக்கணும்.