செய்யாத பல் சிகிச்சைக்குக் கட்டணம்: பணத்தைத் திரும்பப் பெற யாரிடம் எழுதுவது?

கேள்வி (சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா)

வணக்கம். அம்மாவுக்கு வயது 68. கீழ்வரிசையில் இடப்பக்கக் கடைவாய்ப்பல் கூசுகிறது என்று சொல்லிக்கொண்டிருந்ததால், பிப்ரவரி 11 அன்று அருகிலுள்ள ஒரு பல் மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். அவர் வாயைச் சோதித்து, இரண்டு எக்ஸ்ரே எடுத்து, சொத்தையை அன்றே அடைத்துவிடலாம், பற்களையும் சுத்தம் செய்துவிடலாம் என்றார். மரத்துப்போக ஊசி போடுவதற்கு முன் பிரஷர் பார்த்தபோது 190/110 காட்டியது. பத்து நிமிடம் உட்காரவைத்து மீண்டும் பார்த்தும் இறங்கவில்லை. இன்று எதுவும் செய்ய வேண்டாம், குடும்ப மருத்துவரைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார். அந்த முடிவில் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

வெளியே வரும்போது, மெடிக்கல் எய்ட் (மருத்துவச் செலவைக் கட்டும் உறுப்பினர் திட்டம்) சேமிப்பில் போதிய பணம் இல்லை என்று சொல்லி 1,450 ராண்டை என் வங்கி அட்டையில் எடுத்துக்கொண்டார்கள். அம்மாவைக் காருக்குக் கொண்டுபோகும் அவசரத்தில் எதற்கு என்று கேட்காமல் ரகசிய எண்ணை அழுத்திவிட்டேன். மூன்று நாள் கழித்துக் கணக்கு வந்தபோதுதான், மொத்தம் 4,860 ராண்ட் என்பதும், சுத்தம் செய்ததற்கும் பல் அடைத்ததற்கும் சேர்த்தே பணம் எடுத்திருக்கிறார்கள் என்பதும் தெரிந்தது. தொலைபேசியில் கேட்டால், உங்களுக்காக ஒதுக்கிய ஒரு மணி நேரத்துக்கு யார் பணம் தருவார்கள் என்கிறார்கள். அடுத்த முறை வரும்போது மேற்கொண்டு பணம் வாங்காமல் அடைத்துவிடுகிறோம், இதை இப்படியே விட்டுவிடுங்கள் என்றும் சொல்கிறார்கள். இதற்கு ஒப்புக்கொள்ளலாமா? ஒப்புக்கொள்ளாவிட்டால் யாரிடம் எழுதுவது?

மறுமொழி (பீனிக்ஸ், முன்பு பல் மருத்துவமனை ஒன்றின் வரவேற்பு மேசையில் பணிபுரிந்தவர்)

தம்பி, ஒப்புக்கொள்ள வேண்டாம். காரணத்தைப் பிறகு எழுதுகிறேன். முதலில் அந்தக் கணக்கை வரிவரியாக இங்கே எடுத்து எழுதுங்கள். ஒவ்வொரு வரியிலும் 8 என்று தொடங்கும் நான்கு இலக்கக் குறியீடு ஒன்று இருக்கும். அடைத்தல், பிடுங்குதல் போன்றவற்றுக்கு அதன் பக்கத்தில் பல்லின் எண்ணும் இருக்கும். தொகையைவிட அந்த எண்தான் அதிகம் பேசும்.

கேட்டவர்

எழுதுகிறேன், அக்கா. 8101 சோதனை, 420. 8107 எக்ஸ்ரே இரண்டு, 320. 8159 சுத்தம் செய்தல், 480. 8369 பல் 36, 1,820. 8369 பல் 46, 1,820.

பல் எண்களை எப்படிப் படிப்பது?

மறுமொழி (பீனிக்ஸ்)

முதல் இலக்கம் வாயின் எந்தக் கால்பகுதி என்பதையும், இரண்டாவது இலக்கம் நடுவிலிருந்து எத்தனையாவது பல் என்பதையும் காட்டும். 3 என்றால் கீழ் இடப்பக்கம், 4 என்றால் கீழ் வலப்பக்கம். ஆகவே 36 என்பது அம்மாவுக்குக் கூசும் அதே கடைவாய்ப்பல்லாக இருக்க வேண்டும். 46 என்பது அதற்கு நேர் எதிரே வலப்பக்கத்தில் இருப்பது. 8369 என்பது கடைவாய்ப்பல்லில் மூன்று பரப்புகளைப் பல்நிறப் பூச்சால் அடைத்ததற்கான குறியீடு. அம்மாவின் வாயை ஒருமுறை பாருங்கள்.

கேட்டவர்

சமையலறை விளக்கடியில் அம்மாவை உட்காரவைத்து, கைபேசி வெளிச்சத்தில் பார்த்தேன். 36இல் கரும்பழுப்பாகக் குழி அப்படியே இருக்கிறது. 46 இருக்க வேண்டிய இடத்தில் பல்லே இல்லை, வெறும் ஈறுதான். நான் பள்ளியில் படித்த காலத்திலேயே அதைப் பிடுங்கிவிட்டார்கள் என்கிறார் அம்மா. பிறகு அவரே சிரித்துக்கொண்டு, "இல்லாத பல்லுக்கு அடைப்பா, அதையும் சேர்த்துக் கேள்" என்றார்.

மறுமொழி (பீனிக்ஸ்)

அப்படியானால் உங்கள் கையில் வலுவான சான்று இருக்கிறது. ஆனாலும் எடுத்த எடுப்பில் மோசடி என்று எழுதாதீர்கள். நான் வேலை பார்த்த இடத்தில், அன்றைக்குத் திட்டமிட்ட சிகிச்சைகளின் குறியீடுகளைக் காலையிலேயே கணினியில் ஏற்றிவிடுவோம். நோயாளி பாதியில் திரும்பிப் போனால் அழிக்க வேண்டும், சில நாள் அழிக்க மறந்துவிடும். இங்கேயும் அப்படி நடந்திருக்கலாம். ஆனால், நீங்கள் சுட்டிக்காட்டிய பிறகும் ஒதுக்கிய நேரத்துக்குப் பணம் என்று பேசுவது மறதியில் சேராது. நேரம் வீணானதற்குக் கட்டணம் கேட்பதென்றால் அதை அந்தப் பெயரில் உங்களிடம் கேட்க வேண்டும்; பல் அடைத்ததாக மெடிக்கல் எய்டுக்குக் கணக்கு அனுப்புவது வேறு விஷயம். போதாததற்கு, அம்மா வராமல் இருக்கவில்லை. நேரத்துக்கு வந்தவரை மருத்துவரே திருப்பி அனுப்பினார்.

அடுத்த முறை இலவசமாகச் செய்கிறோம் என்பதை ஏன் ஏற்கக் கூடாது என்றால், பிப்ரவரி 11 அன்று அடைத்ததாகப் பதிவு நின்றுவிடும். பல திட்டங்கள் ஒரே பல்லை அடைக்கக் குறிப்பிட்ட காலத்துக்குள் இரண்டாம் முறை பணம் தருவதில்லை. நாளைக்கு நீங்கள் வேறு மருத்துவரிடம் போனால், 36 ஏற்கெனவே அடைத்தாயிற்றே என்பார்கள். உண்மை தெரிந்தும் பொய்க் கணக்கை நிற்கவிட்டதாக உங்கள் பக்கமும் கேள்வி திரும்பலாம்.

மறுமொழி (பீட்டர்மாரிட்ஸ்பர்க், வழக்கறிஞர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்றவர்)

அம்மையார் சொன்னதோடு சில செய்திகளைச் சேர்க்கிறேன். 740 ராண்டுக்கான வேலை உண்மையில் நடந்திருக்கிறது. அதை ஏற்றுக்கொள்வதாக உங்கள் கடிதத்தின் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள். மீதி 4,120 ராண்டுக்கு மட்டும் வழக்காடுங்கள். அந்தத் தொகையில் 1,450 உங்களுடையது, 2,670 மெடிக்கல் எய்ட் சேமிப்பிலிருந்து போனது. இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள், கலந்தால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவார்.

மருத்துவமனைக்கு எழுதும் கடிதத்தில் அம்மா கையெழுத்திட வேண்டும். நோயாளி அவர்தான், நீங்கள் அல்ல. அன்றைய சிகிச்சைக் குறிப்பின் நகலையும் எக்ஸ்ரேக்களையும் அதே கடிதத்தில் கேளுங்கள். 190/110 என்ற அளவும், சிகிச்சையைத் தள்ளிவைத்த செய்தியும் அந்தக் குறிப்பில் இருக்க வேண்டும். 2000ஆம் ஆண்டின் தகவல் பெறும் உரிமைச் சட்டப்படி முறையாக விண்ணப்பித்தால் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். எக்ஸ்ரே கைக்கு வந்ததும், அதில் 46 இருக்கும் இடம் காலியாகத் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் அவர்கள் எடுத்த படமே உங்கள் சாட்சி.

மெடிக்கல் எய்டுக்கு அன்றே எழுதுங்கள். 1998ஆம் ஆண்டின் மருத்துவத் திட்டங்கள் சட்டத்தின் 66ஆம் பிரிவு, பொய் என்று தெரிந்தே உரிமைகோரல் அனுப்புவதைக் குற்றமாக்குகிறது. 59ஆம் பிரிவு, உரிமையில்லாமல் பெற்ற தொகையைத் திட்டம் பிடித்துக்கொள்ள இடம் தருகிறது. ஆகவே மருத்துவமனைகள் பொதுவாகத் திட்டத்தின் கேள்விக்கு நம் கேள்வியைவிட வேகமாகப் பதில் சொல்லும்.

அதற்கும் அசையாவிட்டால் பிரிட்டோரியாவிலுள்ள சுகாதாரத் தொழில்கள் மன்றத்துக்கு, எல்லாரும் எச்.பி.சி.எஸ்.ஏ. என்று சொல்வதற்கு, எழுத்தில் புகார் அனுப்பலாம். கட்டணம் அதிகம் என்பது மட்டுமே சச்சரவானால், 1974ஆம் ஆண்டின் சுகாதாரத் தொழில்கள் சட்டத்தின் 53ஆம் பிரிவுப்படி கணக்கு கிடைத்த 3 மாதங்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். உங்களுடையது அதைவிடப் பெரிய குறை என்றாலும், அந்தக் கெடுவைத் தாண்டாமல் இருப்பது நல்லது. ஒன்றை மட்டும் எதிர்பார்க்காதீர்கள்: மன்றம் மருத்துவரைக் கண்டிக்கும், தண்டிக்கும், உங்களுக்கு நஷ்டஈடு வாங்கித் தராது.

பணத்துக்குச் சிறு வழக்கு நீதிமன்றம் இருக்கிறது. 2019 ஏப்ரல் முதல் அதன் வரம்பு 20,000 ராண்ட், வழக்கறிஞர் தேவையில்லை, அனுமதியும் இல்லை. முதலில் 14 நாள் கெடு வைத்துக் கோரிக்கைக் கடிதம் தர வேண்டும். கொடுத்ததற்குச் சான்று வைத்துக்கொள்ளுங்கள். அட்டையில் பணம் கொடுத்தவர் நீங்கள் என்பதால், வழக்கு யார் பெயரில் என்பதை நீதிமன்ற எழுத்தரிடம் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள். அவர் உதவிக்குக் கட்டணம் இல்லை.

கேட்டவர் (பின்தகவல்)

ஐயா, அக்கா, இருவருக்கும் நன்றி. நீங்கள் சொன்னபடி 740ஐ ஏற்று, மீதியை மறுத்து, அம்மாவின் கையெழுத்தோடு கடிதத்தை நேரில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கினேன். மேசையில் இருந்த பெண் பல் 46 என்ற வரியை இரண்டு முறை படித்துவிட்டு உள்ளே எடுத்துப் போனார். ஒன்பதாம் நாள் 1,450 ராண்ட் என் வங்கிக் கணக்குக்கு வந்துவிட்டது. கடிதம் ஏதும் வரவில்லை, வருத்தமும் தெரிவிக்கவில்லை. அம்மாவின் பிரஷர் இப்போது 140க்கு இறங்கியிருக்கிறது. பல்லை வேறிடத்தில் அடைக்கப் போகிறோம்.

மறுமொழி (பீனிக்ஸ்)

மகிழ்ச்சி, தம்பி. ஆனால் பணம் உங்களுக்கு வந்ததால் மெடிக்கல் எய்டில் பதிவு மாறிவிட்டது என்று ஆகாது. புதிய மருத்துவரிடம் நாள் குறிப்பதற்கு முன், பிப்ரவரி கணக்கை மீண்டும் எடுத்துப் பாருங்கள். 8159 ஒரு வரி, 8369 இரண்டு வரி, மூன்றும் கழித்தல் குறியோடு திரும்பியிருக்க வேண்டும். 2,670 சேமிப்பில் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லையென்றால் திட்டத்துக்கு எழுதும்போது முத்திரையிட்ட அந்த நகலை இணைத்துவிடுங்கள்.

கேட்டவர்

பார்த்தேன், அக்கா. 8369 இரண்டும் திரும்பியிருக்கின்றன. 8159 மட்டும் அப்படியே நிற்கிறது. இன்றைக்கே எழுதுகிறேன்.