மறு: சொல்லழுத்தமா, எடுத்தலா? டச்சுப் பாடத்தாளுக்கு ஒரு முடிவு வேண்டும்

நண்பர்களே,

பாடத்தாள் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. நெதர்லாந்துக்குப் புதிதாக வந்திருக்கும் நம்மவர்களுக்கான டச்சு வகுப்பு அது. டச்சுச் சொற்களின் ஒலிப்பையும் பிரிப்பையும் விளக்க எந்தத் தமிழ்ச் சொற்களைப் போடுவது என்ற கேள்வியில், மூன்று நாளாக நாம் இரண்டு வேறு விஷயங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டிருக்கிறோம்.

ஒன்று, எந்த அசை ஓங்கி ஒலிக்கிறது என்பது. ‘வோர்கோமன்’ என்ற கூட்டுச்சொல்லில் ‘வோர்’ ஓங்கினால் நிகழ்தல். ‘கோ’ ஓங்கினால் தடுத்தல். எழுத்தில் வேறுபாடே கிடையாது. இதற்கு இலக்கண நூலான நன்னூலின் ‘எடுத்தல்’ (ஒலியை உயர்த்திச் சொல்லுதல்) போதும் என்கிறார் பேராசிரியர் ஐயா. எனக்கும் பிடித்த சொல்தான். ஆனால் ‘இந்த அசையை எடுத்துச் சொல்’ என்றால், மாணவர் அதை நீக்கிவிட்டுச் சொல்கிறார், வகுப்பிலேயே பார்த்தேன். வெறும் ‘அழுத்தம்’ இரத்த அழுத்தத்தை நினைவூட்டுகிறது, சரி. ‘சொல்லழுத்தம்’ என்றால் அந்தச் சிக்கல் இல்லை.

(அண்ணா, நீங்கள் கேட்டதற்கு: ஒலியின் ஏற்ற இறக்கத்தைக் குறிக்கும் டச்சு ‘டோன்’ நம் ‘தொனி’யிலிருந்து போனதல்ல. தொனி வடமொழி ‘த்வனி’. டோன் கிரேக்கத்து ‘டோனோஸ்’. ஒலி ஒற்றுமை மட்டும்தான்.)

இரண்டாவது, சொல் எங்கே பிரிகிறது என்பது. ‘க்வார்ட்ஸ்லாகன்’ என்பதை க்வார்ட் + ஸ்லாகன் என்று பிரித்தால் கால்வாசிச் சுற்றுகள். க்வார்ட்ஸ் + லாகன் என்றால் குவார்ட்ஸ் கல்லின் அடுக்குகள். இரண்டிலும் அழுத்தம் முதல் அசையில்தான்! வரி முடிவில் சொல்லை உடைக்கும்போது கோடு விழும் இடம்தான் பொருளைக் காட்டும். செம்பொன் + பதின்தொடியா, செம்பு + ஒன்பதின்தொடியா (பத்துத் தொடி எடைப் பொன்னா, ஒன்பது தொடி எடைச் செம்பா) என்று ‘செம்பொன்பதின்றொடி’யை வைத்து நம் உரையாசிரியர்கள் பேசியது இதையேதான். ‘எழுத்தோரன்ன பொருள்தெரி புணர்ச்சி’ (எழுத்து ஒன்றுபோல் இருந்தும் பொருள் வேறுபடும் சொற்சேர்க்கை) என்று தொல்காப்பியம் இதற்குத் தனி நூற்பாவே வைத்திருக்கிறது. அதைப் பாடத்தில் சேர்க்க எனக்கு மிகுந்த ஆசை.

‘ஸ்டாட்ஸ்டேல்’ என்றால் நகரின் ஒரு பகுதி. ஸ்டாட் + டேல். நடுவில் வரும் ‘ஸ்’ஸைச் சாரியை (இரு சொற்களை இணைக்க இடையில் வருவது) என்றே சொல்லலாம், புளியமரத்தின் ‘அம்’ போல. இதை மட்டும் யாரும் மறுக்கவில்லை.

‘அசை’ பற்றி அம்மா சொன்ன தடை நியாயமானது: ‘கடல்’ செய்யுளின் யாப்புக் கணக்கில் ஒரே அசை (நிரையசை), ஒலிக்கும்போது க-டல் என்று இரண்டு. எனவே ‘ஒலியசை’ என்று போடுகிறேன். ஐவர் ஒப்புக்கொண்டார்கள், ஐயா இன்னும் இல்லை. ‘சொல்லழுத்தம்’ பக்கத்தில் ‘எடுத்தல்’ அடைப்புக்குறிக்குள் இருக்கும், ஐயா.

பிரிக்கும் இடத்தால் பொருள் மாறும் க்வார்ட்ஸ்லாகன் வகைக்குத்தான் இன்னும் பெயரில்லை. ‘பிரிநிலைச்சொல்’ வேண்டாம், ஒன்றை மட்டும் பிரித்துக் காட்டும் ‘பிரிநிலை ஏகார’த்தோடு (‘அவனே’ என்பதன் ‘ஏ’) குழம்பும். பெயர் தோன்றினால் வியாழன் இரவுவரை எழுதலாம்.