கசூரினாவில் இடமில்லை; நீங்கள் எங்கே போனீர்கள்?

கொக்குவில் அப்பா:

2025 வெசாக் லீவை எங்கள் வீட்டில் யாரும் மறக்கவில்லை. மே 12 திங்கள் போயா, அதாவது முழுநிலா நாள் விடுமுறை, 13 செவ்வாயும் விடுமுறை, முன்னால் சனி ஞாயிறு. மொத்தம் நாலு நாள். சின்னவள் ஒரு மாதமாகக் கடலுக்குப் போவோம் என்று கரைச்சல் தந்துகொண்டிருந்தாள். சரி என்று ஞாயிறு காரைநகர்க் கசூரினாக் கடற்கரைக்கு வெளிக்கிட்டோம். விடிய ஏழு மணிக்கு என்றுதான் திட்டம். பிட்டு அவித்து, கோழிக்கறி கட்டி, மாமியின் செருப்பைத் தேடி எடுத்து, வாகனம் நகரும்போது பத்தரை.

மானிப்பாய், சங்கானை, மூளாய் வரை ஒன்றும் தெரியவில்லை. பொன்னாலைப் பாலத்தில் ஏறினால் முன்னால் மூன்று பெரிய பஸ். ஒன்றின் கூரையில் சமைக்கிற கிடாரம், விறகுக்கட்டு, சுருட்டிய பாய்கள். தெற்கில் இருந்து முந்நூறு, நானூறு கிலோமீற்றர் இரவிரவாக ஓடி வந்த சனம். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. வீட்டில் இருந்து இருபது கிலோமீற்றருக்குள் கடலை வைத்துக்கொண்டு, அவர்கள் வருகிற அதே நாளில், அதே உச்சி வெயிலில் போய் நின்றவன் நான்தான்.

கசூரினாவைத் தெரிந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அலை பெரிதாக இருக்காது, கன தூரம் நடந்தாலும் ஆழம் அதிகம் வராது, அதனால்தான் பிள்ளைகளோடு எல்லாரும் அங்கே. அன்றைக்கு அந்தத் தண்ணீர் முழுக்கத் தலைகள். இடது பக்கம் பைலா, வலது பக்கம் குத்துப்பாட்டு, இரண்டும் எங்கள் தலைக்கு மேலே மோதிக்கொண்டன. சவுக்கு மரத்தடி ஒவ்வொன்றிலும் ஒரு குடும்பம். கடைசியில் பிட்டை வாகனத்துக்குள் இருந்தே சாப்பிட்டோம். மாமி ஜன்னலால் கடலைப் பார்த்துவிட்டு, “வடிவாத்தான் இருக்கு” என்றார். பகிடியா உண்மையா என்று இன்றுவரை தெரியாது.

அடுத்த நாள் போயா. விடிய ஐந்தரைக்கு விழிப்பு வந்துவிட்டது. சின்னவளை எழுப்பிச் சைக்கிள் பாரில் இருத்திப் பண்ணைக் கடற்கரைக்கு மிதித்தேன். யாழ்ப்பாணக் கோட்டையைக் கடக்கும்போது போர்த்துக்கேயர் கட்டியது, ஒல்லாந்தர் 1658 இல் பிடித்தது என்று பாடம் நடத்தினேன். அவள் காது கொடுக்கவில்லை. முழங்கால் தண்ணீரில் ஒரு ஐயா வீச்சுவலையோடு நின்றார், அவள் கண் அங்கே. வலையின் ஒரு தொங்கலைப் பல்லில் கடித்து, மிச்சத்தைத் தோளிலும் கையிலுமாகப் பிரித்துப் போட்டு, உடம்பை ஒரு சுழற்று. வலை வட்டமாக விரிந்து விழும்போது மழை பெய்த மாதிரி ஒரு சத்தம். ஓரத்து ஈயக்குண்டுகள் எல்லாம் ஒன்றாகத் தண்ணீரைத் தொடுகிற சத்தம் அது. மூன்றாவது வீச்சில் ஐந்தாறு மணலை மீன். ஐயா ஒன்றைக் கழற்றி, “இந்தா பிள்ளை” என்று அவள் கையில் வைத்தார். வழுக்கி விழுந்தது. எடுத்துத் திரும்பவும் வைத்தார்.

ஏழரைக்கெல்லாம் வீட்டில் நின்றோம். வெசாக்குக்குக் கடலுக்குப் போன கதையை யாரும் கேட்டால் சின்னவள் சொல்வது இதைத்தான். கசூரினாவைப் பற்றி மூச்சு விடமாட்டாள்.

உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருக்கும். சொல்லுங்கள்.

வேலணை மருமகள்:

அண்ணை, நீங்கள் பொன்னாலைப் பாலத்தில் நின்ற அதே லீவில்தான் நாங்கள் குறிகட்டுவான் இறங்குதுறையில் நின்றோம். கொழும்பில் இருந்து வந்த தங்கச்சியின் பிள்ளைகளுக்கு நெடுந்தீவுக் குதிரைகளைக் காட்ட வேண்டும் என்று ஆசை. ஆனால் அந்த இறங்குதுறைக்கு இரண்டு சனம் வரும். நயினாதீவில் நாகபூசணி அம்மனையும் விகாரையையும் கும்பிடப் போகிறவர்கள் ஒரு பக்கம், நெடுந்தீவுக்குப் போகிறவர்கள் மறு பக்கம். எது எந்த வரிசை என்று கண்டுபிடிக்கவே எங்களுக்கு அரை மணித்தியாலம். நெடுந்தீவு என்றால் ஒரு மணித்தியாலக் கடல் வேறு. போய்ச் சேர்ந்தாலும் திரும்பி வர இடம் கிடைக்குமோ என்று என் வீட்டுக்காரர் கணக்குப் பார்த்தார். பார்த்துவிட்டு வாகனத்தைத் திருப்பினார்.

பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. புங்குடுதீவு தாண்டி வேலணைப் பக்கம் வருகிற பாலத்தில் ஓரமாக நிறுத்தினோம், சும்மா காற்று வாங்கத்தான். தண்ணீர் வற்றிக் கிடந்தது. இறங்கினால் கணுக்கால் அளவு. சாதாளைக் கடற்புல்லுக்குள் கால் வைத்தால் நகக்கண் அளவு நண்டுகள் பக்கவாட்டில் ஓடின. தூரத்தில் மீன் பிடிக்கிற களங்கண்டித் தடிகள் வரிசையாக நின்றன. ஒரு தடியில் நீர்க்காகம் ஒன்று இரண்டு சிறகையும் விரித்தபடி அசையாமல் இருந்தது. தங்கச்சியின் சின்னவன் பார்த்துவிட்டு, “பெரியம்மா, குடை காயுது” என்றான்.

பிறகு என் வீட்டுக்காரர், தான் சின்ன வயதில் தூண்டில் போட்ட ஒரு இடத்துக்கு மண் பாதையால் கூட்டிக்கொண்டு போனார். பின்னேரம் வரை நாங்கள் மட்டும்தான். ஒரு ஆடு வந்து வாழைப்பழத் தோல் தின்றுவிட்டுப் போனது. குதிரையைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

அளவெட்டி ரீச்சர்:

எனக்குக் கீரிமலை. லீவு நாளில் பத்து மணிக்குப் போனால் கேணிப் படியில் கால் வைக்க இடம் இராது, ஆனால் விடிய ஐந்துக்கு எப்போதும் காலிதான். இந்தப் பக்கம் ஊற்றுத் தண்ணீர், ஒரு மதில், அந்தப் பக்கம் உப்புக் கடல். அலைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நல்ல தண்ணீரில் முழுகுவது வேறு எங்கே கிடைக்கும்? பெண்களுக்குத் தனிக் கேணியும் இருக்கிறது.

ஒன்று சொல்ல வேண்டும். யுத்தத்தால் இந்தப் பக்கம் வரவே முடியாமல் பாதை பூட்டிக் கிடந்த வருடங்களைக் கண்டவள் நான். அதனால் கீரிமலையில் பஸ் பஸ்ஸாகச் சனம் இறங்கினால் எனக்குக் கோபம் வருவதில்லை. என் பிள்ளைகளுக்கு வரும்.

பருத்தித்துறைப் பொடியன்:

நாங்கள் நாலு பேர், இரண்டு மோட்டார் சைக்கிள், மணற்காட்டுக் கடற்கரை. போயா பின்னேரம் நாலரைக்கு வெளிக்கிட்டு மருதங்கேணி வீதியால் போனோம். சவுக்கங்காட்டுக்குள் கொஞ்சம் ஆட்கள் இருந்தார்கள், ஆனால் மணல் மேடுகளில் ஏறி அந்தப் பக்கம் இறங்கினால் ஆள் இல்லை. மணலில் பாதி புதைந்து கிடக்கிற பழைய அந்தோனியார் கோயில் சுவரில் சாய்ந்து இருந்து மிதிவெடி என்று நாங்கள் சொல்கிற பெரிய ரோலும் சாதா ரோல்ஸும் சாப்பிட்டோம். காற்று அடிக்கிற அடியில் நாங்கள் ஏறி வந்த கால் தடம் பத்து நிமிடத்தில் அழிந்துவிட்டது. ரோல்ஸிலும் பாதி மணல்தான்.

இருட்டுகிற நேரம் ஒரு கார்க்காரர், குடும்பத்தோடு, கடற்கரை வரை ஓட்டப் பார்த்து மணலில் புதைந்துபோனார். மிதிக்க மிதிக்கச் சில்லு கீழே போகிறது. நாங்கள் தள்ளினோம், அசையவில்லை. அந்த வழியால் சைக்கிளில் வந்த ஒரு அண்ணை ஒன்றும் பேசாமல் போய்க் காவோலை, காய்ந்த பனையோலை, நாலைந்து இழுத்து வந்து சில்லுக்கு முன்னால் போட்டார். பிறகு ரயர் காற்றைக் கொஞ்சம் இறக்கச் சொன்னார். ஒரே தள்ளில் ஏறிவிட்டது. நிமிர்ந்து பார்த்தால் வெசாக் நிலவு, தட்டு மாதிரி, மணல் முழுக்க வெள்ளை. கார்க்காரரின் மனைவி எங்களுக்கு ஒரு பெட்டி நிறையப் பயற்றம் பணியாரம் தந்தார்.

போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அந்தப் பக்கக் கடல் கசூரினா மாதிரி அல்ல, கிட்டத்திலேயே ஆழம், இழுவையும் இருக்கும். நாங்கள் கால் நனைத்ததோடு சரி. மற்றது, சோறு கட்டின லஞ்ச் சீற்றை அங்கேயே போட்டுவிட்டு வராதீர்கள். அது மணலுக்குள் புதைந்து, அடுத்த காற்றுக்குத் திரும்ப வெளியே வரும். வேறு யாருடையதோ சோற்றுப் பருக்கையோடு ஒன்று என் முகத்திலேயே ஒட்டியது.

வல்வெட்டித்துறை வால்:

எல்லாரும் சனத்துக்குப் பயந்து விடிய ஐந்துக்கும் இருட்டினாப் பிறகும் ஓடுகிறீர்கள். எனக்குச் சனம் வேணும். தைப்பொங்கல் பின்னேரம் எங்கள் கடற்கரைக்கு வாருங்கள், பட்டம் பார்க்க. எள்ளுப் போட்டால் எண்ணெய் எடுக்கலாம், அவ்வளவு நெரிசல். வாடைக்காற்றில் பட்டம் ஏற ஏற, அதில் கட்டிய விண் என்கிற நார் கூவுகிற சத்தம் நெஞ்சுக்குள் கேட்கும். அது தனியாக நின்று கேட்கிற சத்தம் இல்லை. கொக்குப் பட்டம் ஒன்று சரிந்து விழப்போனால் பக்கத்தில் நிற்கிற முன்பின் தெரியாதவரும் “ஐயோ” என்று உங்கள் கையைப் பிடிப்பார்.

ஒரு வருடம் அண்ணாவின் மகன் கூட்டத்தில் தவறிவிட்டான். நாலு வயது. அண்ணி அழத் தொடங்கிவிட்டார், ஒலிபெருக்கியில் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். பார்த்தால் யாரோ ஒரு தாத்தாவின் தோளில் இருக்கிறான், கையில் கச்சான் கடலைச் சரை. அண்ணியைக் கண்டதும் இறங்கமாட்டேன் என்று அவன்தான் அழுதான். காலியான கடற்கரையில் உங்களுக்குத் தோள் தர ஆர் இருக்கினம்?

கொக்குவில் அப்பா:

வால் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது, பொங்கலுக்கு வருகிறோம். ரீச்சர், ஐந்து மணி எங்கள் வீட்டுக்குச் சரிவராது, செருப்புத் தேடவே ஆறாகிவிடும். பொடியன், அந்தக் காவோலை வேலையைக் குறித்து வைத்திருக்கிறேன். வேலணைத் தங்கச்சி, அந்த மண் பாதை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று சொல்லவில்லையே?

வேலணை மருமகள்:

அண்ணை, குறை நினைக்காதையுங்கோ. உங்களுக்கு முன்னால் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். என் வீட்டுக்காரர் எனக்கே கண்ணைக் கட்டாத குறையாகத்தான் கூட்டிக்கொண்டு போனார். நான் சொன்னால் அடுத்த போயாவுக்கு நீங்கள் எல்லாரும் கிடாரத்தோடு அங்கே நிற்பீர்கள். ஆடு நிற்கும் இடம், அவ்வளவுதான் சொல்லலாம்.